தக்கைப்பூண்டும் கல் விதையும்

விதைப் பரிசோதனை நிலையத்துக்குப் புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறது. தட்டில் விதையைப் பரப்பிவைத்தால் மேலிருந்து படம் பிடித்து, இது இன்ன விதை என்று திரையில் காட்டுகிறது. நான் ஓய்வு பெற்றுச் சில வருடங்களாகின்றன. ஓய்வூதியத் தாள் ஒன்றில் கையெழுத்து வாங்க அந்தப் பக்கம் போனபோது, இப்போது அங்கே பகுப்பாய்வாளராக இருக்கும் ஷாஹிதா என்னைக் கையோடு அந்த அறைக்கு இழுத்துப் போனாள். கூத்தாநல்லூர்ப் பெண். வேலையில் கெட்டிக்காரி.

"நெல்லுக்கு நல்லா சொல்லுது மேடம். உளுந்துக்கும் சொல்லுது. தக்கைப்பூண்டையும் சிற்றகத்தியையும் கலந்து போட்டா மட்டும் ரெண்டும் ஒண்ணுதாங்குது. நீங்கள்லாம் எப்படிப் பிரிச்சீங்க?"

"கண்ணாலதான்."

"அதைத்தான் எழுதிக் குடுங்கன்னு கேக்குறோம்."

எழுத உட்கார்ந்தேன். விஷயம் அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. இரண்டும் சிறு உருளை போன்ற விதைகள். இரண்டுக்கும் பக்கவாட்டில், ஒரு குழிக்குள், வட்டமான தழும்பு இருக்கும். தக்கைப்பூண்டின் தோல் ஒரே நிறமாக, பாசி கலந்த பழுப்பாக, கொஞ்சம் பளபளப்போடு இருக்கும். சிற்றகத்தியில் மங்கலான புள்ளிகள் தெரியும். விதையை வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், குழல் விளக்கில் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான். ஆனால் தக்கைப்பூண்டு என்று எழுதியதுமே லூர்துமேரியும் காளிமுத்துவும் நினைவுக்கு வந்துவிட்டார்கள். அந்த விதையைப் பற்றி எழுதிவிட்டு அவர்களை விட்டுவிட என்னால் முடியவில்லை.

முதலில் செடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அகத்தி, சிற்றகத்தி, தக்கைப்பூண்டு, மணிலா அகத்தி எல்லாம் ஒரே பேரினம். தாவரவியலில் அதற்கு செஸ்பேனியா என்று பெயர். எகிப்துப் பக்கத்தில் வளர்ந்த ஒரு செடிக்கு அரபியில் வழங்கிய பெயரை லத்தீன் சாயலில் திருத்தி வைத்துக்கொண்டார்கள். இதை ஷாஹிதாவிடம் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க ஊர்ல அரபி ஓதினவங்க தெருவுக்குத் தெரு இருக்காங்க மேடம். எங்க அத்தா அகத்திக்கீரையை அகத்திக்கீரைன்னுதான் சொல்றாங்க."

அந்தப் பெயர் நிலைப்பதற்கு முன்னால் சிற்றகத்தியையும் தக்கைப்பூண்டையும் நெட்டிச் செடியின் இனத்தில் சேர்த்து வைத்திருந்தார்கள். தஞ்சாவூரில் கோயில் பொம்மை செய்கிற அதே நெட்டி. இலையைப் பார்த்தால் அப்படிச் சேர்த்ததில் வியப்பில்லை. புளிய இலை போன்ற சிற்றிலைகள் வரிசையாக, எதிரெதிராக இருக்கும். ஏரிக்கரையில் நெட்டியைக் காட்டி இது தக்கைப்பூண்டு என்று சத்தியம் செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் குடும்பம். எங்கள் வீட்டில் ஏகாதசியும் கிடையாது, துவாதசியும் கிடையாது. அதனால் பட்டினி கிடந்தவர் மறுநாள் காலையில் முதலில் சாப்பிடுவது அகத்திக்கீரை என்பது வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அமாவாசையன்று கோயில் வாசலில் கட்டுக் கட்டாக அகத்தியை வாங்கி மாட்டுக்குக் கொடுப்பார்கள். சித்த மருந்து சாப்பிடுகிறவர் அந்தக் கீரையைத் தொட மாட்டார், மருந்தை முறித்துவிடும் என்பார். கும்பகோணம் பக்கத்து வெற்றிலைக் கொடிக்காலில் அகத்திதான் கொடிக்குக் கொம்பு. முதலில் அகத்தியை விதைத்து அது ஆள் உயரம் வந்த பிறகுதான் வெற்றிலைக் கொடியையே நடுவார்கள். சிற்றகத்திக்குச் செம்பை என்றும் பெயர் உண்டு. அதன் இலையை வதக்கிக் கட்டியின் மேல் வைத்துக் கட்டினால் பழுத்து உடையும் என்பார்கள். மணிலா அகத்திக்கு ஊர் மணிலா இல்லை, ஆப்பிரிக்கா. வேரில் மட்டுமல்லாமல் தண்டிலும் முடிச்சு முடிச்சாகக் காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்து வைக்கும்.

தக்கைப்பூண்டுக்கு இந்த மரியாதை எதுவும் கிடையாது. அதை யாரும் சமைப்பதில்லை, கோயிலுக்கும் கொண்டுபோவதில்லை. விதைத்து, இடுப்பு உயரம் வளரவிட்டு, பூக்கும் பருவத்தில் சேற்றோடு மடக்கி உழுதுவிடுவார்கள். அது அழுகி நெல்லுக்கு உரமாகும். அதனால் டெல்டாவில் அந்தச் செடியை எல்லோருக்கும் தெரியும், அதன் பூவைப் பார்த்தவர்கள் குறைவு. மஞ்சள் பூ, பின்னிதழில் கருஞ்சிவப்பாகப் பொடிப்புள்ளிகள் இருக்கும்.

நான் அரசு வேலைக்கு வருவதற்கு முன் தஞ்சாவூரில் ஒரு நாளிதழில் கொஞ்ச காலம் உதவி ஆசிரியராக இருந்தேன். 'பலத்த சேதம்' என்று எழுதினால், எவ்வளவு என்று கேட்டுத் தாளைத் திருப்பி அனுப்பும் இடம் அது. பிறகு தேர்வு எழுதி விதைப் பரிசோதனை நிலையத்தில் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாடம் கேட்டோம், பெயர்களை மனப்பாடம் செய்தோம், எல்லா விதையும் ஒன்று போலவே தெரிந்தது. அப்புறம் ஒரு நாள் வேறு வேறாகத் தெரிய ஆரம்பித்தது.

நிலையத்துக்குத் தலைவராக இருந்தவரை இராமலிங்கம் சார் என்று சொல்லிக்கொள்கிறேன். அவர் எங்களுக்குத் தடைசெய்த சொல் 'நல்ல'. "விதை நல்லா இருக்கு சார்" என்று சொன்னால், "அப்படியா" என்பார். அதற்கு மேல் எதுவும் சொல்ல மாட்டார். சொன்னவர் தானாகவே திரும்பிப் போய், சுத்தம் இவ்வளவு, ஈரம் இவ்வளவு, முளைப்பு இவ்வளவு என்று எழுதிக்கொண்டு வருவார். பெருக்க வரும் அம்மாவிலிருந்து மேலதிகாரி வரை அவருக்கு எல்லோரும் 'நீங்க'தான். தட்டைக் கையில் எடுத்தால் உட்கார மாட்டார், ஜன்னலோரமாக நின்றுதான் பார்ப்பார். விதையை விரலால் தொட மாட்டார், சட்டைப் பையில் சொந்தமாக ஒரு இடுக்கி வைத்திருந்தார். கோபம் வந்தால் அந்த இடுக்கியைக் கழுவப் போய்விடுவார். குழாய்ச் சத்தம் நீண்ட நேரம் கேட்டால் நாங்கள் எல்லோரும் குனிந்து வேலை பார்ப்போம்.

முளைப்புச் சோதனை எளிமையாகத் தெரியும், ஆனால் அதில் அவசரப்பட முடியாது. யாருடைய விதை என்று எங்களுக்குத் தெரியாது. துணிப்பையில் ஒரு குறியீட்டு எண்ணோடுதான் வரும். அதைப் பகுப்பானில் பாதி பாதியாகப் பிரித்து, சுத்தம் பார்த்து, நூறு நூறாக எண்ணி, ஈர மணல் தட்டிலோ காகிதச் சுருளிலோ வைத்து முளைப்பு அறைக்குள் விடுவோம். குறித்த நாளில் பிரித்துப் பார்ப்போம். ஒழுங்கான நாற்று ஒரு பக்கம், ஊனமான நாற்று ஒரு பக்கம். முளைக்காமல் கிடப்பதில்தான் உண்மையான வேலை இருக்கிறது. இடுக்கி நுனியால் ஒவ்வொன்றையும் அழுத்த வேண்டும். கொழகொழவென்று நசுங்கினால் செத்தது. தண்ணீரே உள்ளே போகாமல், வைத்த அன்று இருந்தது போலவே கல்லாக இருந்தால் அது கடின விதை. எங்கள் பேச்சில் கல் விதை. அகத்தி இனத்தில் அது சாதாரணம். மேல் தோல் அவ்வளவு இறுக்கமானது. உள்ளே உயிர் இருக்கும், தோல் விட்டுக்கொடுக்கும் வரை காத்திருக்கும். விதிப்படி கல் விதையையும் முளைப்புக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும், ஏனென்றால் அது சாகவில்லை.

"அழுத்திப் பாக்காம செத்துதுன்னு எழுதாதீங்க" என்பார் சார். அவர் அடிக்கடி சொன்னது அது ஒன்றுதான்.

லூர்துமேரி திருவிடைமருதூருக்குத் தெற்கே ஒரு கிராமத்தைச் சேர்ந்தவர். ஊர்ப் பெயர் வேண்டாம். அவருடைய முந்தைய தலைமுறை பெரிய பண்ணையில் கூலிக்கு நட்டது, அறுத்தது. இவர் காலத்தில் கொஞ்சம் சொந்த நிலமும் கொஞ்சம் குத்தகையும் ஆயிற்று. கணவர் வெளியூரில் வேலை பார்த்தார். தம்பியை வைத்துக்கொண்டு இவர்தான் வயலைப் பார்த்துக்கொண்டார். பசுந்தாள் உர விதை உற்பத்திக்குப் பயிற்சி எடுத்து, தக்கைப்பூண்டு விதைப்பண்ணை போடப் பதிவு செய்துகொண்டார். அந்த ஊரில் விதை என்பது பண்ணை வீட்டிலிருந்தோ கும்பகோணம் கடையிலிருந்தோதான் வரும். அவர் தெருவிலிருந்து ஊருக்குள் விதை போனது அதுதான் முதல் தடவை.

அந்த விதை எங்கள் சோதனையில் தேறியிருந்தது. சான்று அட்டை கட்டிய மூட்டைகளில் சிலவற்றை ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் வாங்கினார்கள். அவர்களில் முக்கியமானவர் காளிமுத்து. லூர்துமேரியின் வயலுக்கு அடுத்த வயல்காரர், ஊரில் பேச்சு செல்லுபடியாகிற ஆள். அவர் வாங்கியதால்தான் மற்றவர்களும் வாங்கினார்கள். விதைத்த வயலில் செடி திட்டுத்திட்டாக முளைத்தது. இடையில் வெறும் சேறாகக் கிடந்தது. செத்த விதையை அட்டை கட்டி விற்றுவிட்டார்கள் என்று காளிமுத்து புகார் எழுதினார். விதை ஆய்வாளர் போய், லூர்துமேரி வீட்டில் மீதமிருந்த மூட்டைகளிலிருந்து மாதிரி எடுத்து அனுப்பினார். இந்தச் சோதனையில் தவறினால் அவருடைய பதிவு ரத்தாகும். அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. அந்தத் தெருவிலிருந்து இனி யாரும் ஒரு பிடி விதை வாங்க மாட்டார்கள்.

புகார் வழக்கு என்பதால், தட்டைப் பிரிக்கும் நாளில் இருவரும் வந்து பார்க்கலாம் என்று சார் சொல்லியனுப்பினார். அப்படி அழைப்பது வழக்கமில்லை. முதல் சோதனையும் எங்களுடையதுதான் என்பதால், மூடிய அறையில் வைத்து முடிவு சொல்ல அவருக்கு விருப்பமில்லை என்று நினைக்கிறேன்.

காளிமுத்து துண்டில் முடிந்து ஒரு பிடி விதை கொண்டுவந்தார். வயலில் தோண்டி எடுத்தது, மண் ஒட்டியிருந்தது.

"இத்தன நாளா என் வயல்ல தண்ணியில கெடந்தது சார். இதுல உசுரு இருக்கா, நீங்களே சொல்லுங்க."

சார் அதை ஒரு வெள்ளைத் தாளில் கொட்டினார். "அப்படியா" என்றார்.

"என்னா சார் அப்படியாங்கறீங்க?"

"அண்ணே, சார் பாக்கட்டும்" என்றார் லூர்துமேரி.

"நீ சும்மா இரு. பண்ணையில வாங்கிட்டிருந்தவன் நீ சொன்னேன்னு இங்க வாங்கினேன். அந்தத் தெருவுல விதை வாங்கினா வெளங்குமான்னு எங்க வீட்டுலயே கேக்குறாங்க."

"வாங்குறப்ப நம்ம மேரின்னீங்க. மொளைக்கலேன்னதும் அந்தத் தெருவாயிடுச்சா?"

சார் ஜன்னலோரம் போய் நின்று, இடுக்கியால் அந்த விதையை இரண்டு குவியலாகப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னை லென்ஸ் எடுத்துவரச் சொன்னார். பிறகு காளிமுத்துவைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஊறப் போட்டீங்களா?"

"பின்னே? சாக்கோட வாய்க்கால்ல ஒரு ராத்திரி. எடுத்து வடியவச்சு வைக்கோல் போட்டு மூட்டம். நெல்லுக்குச் செய்யறதுதான்."

"இதைப் பாருங்க. இந்த வெள்ளை நூல் மாதிரி இருக்கே, இது முளை. சாக்குக்குள்ளயே வந்திருக்கு. நீங்க கைநிறைய அள்ளி வீசுறப்ப ஒடிஞ்சிருக்கு. நெல்லு முளை குட்டையா இருக்கும், தாங்கும். இது தாங்காது. இதை உலர்ந்த விதையா வீசணும்."

"எல்லாரும்தான் அப்படிச் செஞ்சாங்க."

"உங்களைப் பாத்துச் செஞ்சிருப்பாங்க."

டெல்டாக்காரன் கையில் எந்த விதையைக் கொடுத்தாலும் முதலில் வாய்க்காலைத்தான் தேடுவான். நெல்லோடு பிறந்து வளர்ந்த கை. உலர்ந்த விதையையே ஊன்றிப் பழகிய பருத்திக்காட்டுக்காரருக்கு இந்தத் தவறு வந்திருக்காது.

"அப்ப தப்பு என்னுதுங்கறீங்க" என்றார் காளிமுத்து.

"இந்தக் குவியலுக்கு நீங்க. அந்தக் குவியலுக்கு நீங்க இல்ல."

இரண்டாவது குவியலிலிருந்து ஒன்றை எடுத்துக் கண்ணாடித் தட்டில் வைத்து அழுத்தினார். டக்கென்று சத்தம் வந்தது. விதை நழுவி ஓடியது. அடுத்ததும் அப்படியே. எங்கள் தட்டுகளைப் பிரித்தபோதும் அதேதான். முளைத்தவை போக மீதியில் மிகச் சிலதான் நசுங்கின. மற்றவை எல்லாம் கல் விதை. தக்கைப்பூண்டில் சாதாரணமாகப் பார்ப்பதைவிட மிக அதிகம்.

"காய் எப்ப அறுத்தீங்கம்மா?" என்று லூர்துமேரியைக் கேட்டார்.

"நல்லா முத்தவிட்டு, ஆட்டினா கலகலன்னு சத்தம் கேக்குறப்பதான் சார் அறுத்தேன். மழையே இல்ல. களத்துல நல்லாக் காயவச்சேன். சொத்தைன்னு ஒருத்தர் சொல்லிடக் கூடாதுன்னு."

"அதுதான் காரணம். ரொம்ப முத்திக் காய்ஞ்சிருக்கு. தோல் இறுகிடுச்சு."

முளைக்காத கல் விதைகளை எடுத்து, என்னை ஒவ்வொன்றின் தோலையும் பிளேடு முனையால் லேசாகக் கீறச் சொன்னார். வேறு சிலவற்றை உப்புத்தாளில் உரசச் சொன்னார். காளிமுத்துவின் துண்டிலிருந்து வந்த கல் விதைகளுக்கும் அப்படியே. எல்லாவற்றையும் ஈரக் காகிதத்தில் வைத்து இருவர் முன்னாலும் மூடினோம். நான்காம் நாள் வரச் சொன்னார்.

நான்காம் நாள் காகிதத்தைப் பிரித்தபோது ஒன்று பாக்கியில்லாமல் முளைத்திருந்தது. காளிமுத்து செத்தது என்று கொண்டுவந்த விதையிலும் பச்சை இலை விரிந்திருந்தது.

"உசுரு இருக்கு அண்ணே" என்றார் லூர்துமேரி.

காளிமுத்து அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். பிறகு நிதானமாகத்தான் பேசினார். "இருக்கட்டும். இருந்து எனக்கு என்ன லாபம்? ஆவணிக்குள்ள மடக்கி உழணும். அதுக்குள்ள எந்திரிக்காத விதை செத்தா என்ன, தூங்குனா என்ன? ஒவ்வொரு விதையா பிளேடு வச்சுக் கீறிட்டா விதைக்க முடியும்?"

"முடியாது" என்றார் சார்.

"நெல்லு நட்டதுக்கப்புறம் எந்திரிச்சா?"

"நெல்லுக்குள்ள களையா நிக்கும்."

லூர்துமேரியின் முகத்திலிருந்த வெளிச்சம் போய்விட்டது. எங்கள் அறிக்கையில் முளைப்புக்கு இடம் உண்டு, கல் விதைக்கு இடம் உண்டு, செத்ததற்கு இடம் உண்டு. எப்போது முளைக்கும் என்பதற்கு இடமில்லை. விதிப்படி விதை தேறியது. சார் கையெழுத்துப் போட்டார்.

"மீதி மூட்டையை விக்கலாமா சார்?" என்று கேட்டார் லூர்துமேரி.

"சட்டப்படி விக்கலாம்."

"வித்தா வாங்கினவங்க வயல்லயும் இப்படித்தான் ஆகுமா?"

"கொஞ்சம் ஆகும். வருஷம் போகப்போகத் தோல் தானே தளரும். இப்ப ஆகும்."

"விக்காம வச்சிருந்தா, விதை செத்ததுன்னு நானே ஒத்துக்கிட்டதா ஊர்ல பேசுவாங்க சார்."

விற்கலாம் என்று சொல்லும் அதிகாரம் சாருக்கு இருந்தது, விற்காதே என்று சொல்லும் அதிகாரம் இல்லை. இடுக்கியைக் கழுவப் போனார். குழாய் நீண்ட நேரம் ஓடியது. யார் மேல் கோபம் என்று எனக்கு விளங்கவில்லை.

லூர்துமேரி விற்கவில்லை. மூட்டைகளை வீட்டிலேயே அடுக்கிவைத்துவிட்டார். அவர் பயந்தபடியேதான் நடந்தது. தேறிய விதை என்றால் ஏன் விற்கவில்லை என்று ஊர் கேட்டது. விதை ஆய்வாளர் நிலையத்துக்கு வரும்போதெல்லாம் யாராவது லூர்துமேரியைப் பற்றி விசாரிப்போம். "அந்தம்மா டீக்கடைப் பக்கமே வர்றதில்ல" என்பார்.

மார்கழியில் ஒரு நாள் சார் என்னைக் கூப்பிட்டார். "அந்த வயலைப் போய்ப் பாத்துட்டு வாங்க. அறிக்கை வேண்டாம்."

அறிக்கை வேண்டாம் என்று அவர் சொன்னது அந்த ஒரு தடவைதான். திருவிடைமருதூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு ஆட்டோவில் போனேன். வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. சம்பா கதிர் வாங்கும் பருவம், சுற்றிலும் பச்சை. ஒரு வயலில் மட்டும் நெல்லுக்கு மேலே தலை தலையாக மஞ்சள் பூத்து நின்றது. ரோட்டிலிருந்தே தெரிந்தது. அதற்குள் லூர்துமேரியும் அவர் தம்பியும் இரண்டு பெண்களும் நெல்லை மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கி நகர்ந்து, ஒவ்வொரு செடியாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். வரப்பில் காளிமுத்து நின்றார்.

"வாங்க மேடம். உங்க ஆபீஸ்ல பாஸான விதை எப்படி நிக்குது பாருங்க."

"செத்துப் போச்சுன்னு ஊர் பூரா சொன்னீங்களே அண்ணே" என்று லூர்துமேரி நிமிராமலே குரல் கொடுத்தார். "இப்ப அதே ஊரைக் கூட்டியாந்து காட்டுங்க."

"காட்டாம? பஸ்ல போறவன்லாம் கேக்குறான், என்னய்யா இந்த வருஷம் பூச்சாகுபடியான்னு."

பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். காளிமுத்துவும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் நின்றார். அவருக்கு நஷ்டம் உண்மைதான். தழைச்சத்து குறைந்த இடங்களில் பயிர் வெளிறியிருந்தது.

லூர்துமேரி வரப்புக்கு வந்து கை கழுவினார். உங்களை யார் களையெடுக்கச் சொன்னது என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல மேடம். என் விதைதானே? மத்தவங்க வயல்ல நேத்தே முடிச்சுட்டோம். இந்த அண்ணன் வயல்லதான் அதிகம். மீதி மூட்டையையும் வித்திருந்தா இன்னும் எத்தன வயல்ல இப்படிக் குனிஞ்சு நிக்கணும்?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சாருகிட்ட ஒண்ணு சொல்லுங்க. உப்புத்தாள்ல உரசுனீங்கல்ல, அதை யோசிச்சுக்கிட்டே இருந்தேன். சாக்குல விதையும் முரட்டு ஆத்து மணலும் கலந்து போட்டு, தம்பியை ஏறி மிதிக்கச் சொன்னேன். சலிச்சு எடுத்துத் தொட்டியில போட்டுப் பாத்தா பாதிக்கு மேல தலையைத் தூக்கிடுச்சு."

சாரிடம் சொன்னேன். "அப்படியா" என்றார். மறுநாள் காலையில் நிலையத்தில் ஒரு சிறு சாக்கு, ஆற்று மணல், எங்கள் மாதிரியில் மிச்சமிருந்த விதை எல்லாம் மேசை மேல் இருந்தன. மிதிக்கும் நேரத்தை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். குறைவாக மிதித்தால் கல் விதை அப்படியே இருந்தது. அதிகமாக மிதித்தால் விதை உடைந்தது. நடுவில் ஒரு அளவு சரியாக வந்தது. மிதித்த விதையைச் சேமித்து வைக்க முடியாது என்பதும் தெரிந்தது. தோல் கீறியதும் அது பொறுக்காது, உடனே விதைத்துவிட வேண்டும். இதையெல்லாம் சார் ஒரு தாளில் எழுதி லூர்துமேரிக்கு அனுப்பினார். அதில் 'நல்ல' என்ற சொல் இல்லை.

அட்டையின் காலம் முடிந்ததால், அடுத்த விதைப்புக்கு முன் அந்த மூட்டைகளை மறுபடி சோதிக்க வேண்டியிருந்தது. கல் விதை குறைந்திருந்தது. விதை மறுபடியும் தேறியது. ஆனிக் கடைசியில், மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்துவிட்ட சமயத்தில், புது அட்டை கட்ட விதை ஆய்வாளர் போனபோது நானும் கூடப் போனேன்.

களத்தில் ஆட்கள் நின்றார்கள். பக்கத்து ஊர்க்காரர்களும் இருந்தார்கள். மஞ்சள் பூவை பஸ்ஸிலிருந்து பார்த்தவர்கள். ஒரு பக்கம் சலித்த ஆற்று மணல் குவிந்திருந்தது. லூர்துமேரி ஒரு நிபந்தனை வைத்திருந்தார். வாங்குகிறவர் அங்கேயே மணலோடு மிதித்து, சலித்துத்தான் எடுத்துப் போக வேண்டும். இன்றோ நாளையோ விதைக்காதவருக்கு விதை கிடையாது.

"விதை வாங்க வந்தவன நாட்டியம் ஆட வைக்கிறியே" என்றார் வயதான ஒருவர், சாக்கின் மேல் நின்றபடி.

"ஆடுனாத்தான் மாமா மொளைக்கும். பாட்டு வேணும்னா சொல்லுங்க, தம்பி செல்லுல போடுவான்."

காளிமுத்து வந்து கொஞ்ச நேரம் தள்ளியே நின்றார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, யாரும் அவரைப் பார்க்காமலும் இல்லை. கூட்டம் குறைந்ததும் பக்கத்தில் வந்தார்.

"எனக்கு ஒரு மூட்டை."

"வாய்க்கால்ல போட மாட்டீங்களே?"

"போட்டா நீ வந்து களையெடுக்க மாட்டியா என்ன?"

"இந்தத் தடவ வர மாட்டேன் அண்ணே."

நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். லூர்துமேரி சிரிக்கவில்லை. தானே மூட்டையைப் பிரித்து, சாக்கில் விதையையும் மணலையும் அள்ளிப் போட்டு, வாயைக் கட்டி, தரையில் சமமாகப் பரப்பினார். காளிமுத்து செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாக்கின் மேல் ஏறினார். கால் வழுக்கியது. பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் ஒரு கணம் தடுமாறினார். லூர்துமேரியின் தம்பி பக்கத்தில் போய்த் தோளைக் கொடுத்தான். காளிமுத்து அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டு மிதிக்கத் தொடங்கினார். சாக்குக்குள் மணலும் விதையும் அரைபடும் சத்தம் கேட்டது.